முதுகில் மூன்று நாடா

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மலேரியா, வெள்ளம், பாம்புக்கடி, யானை அடித்துத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் புத்தகத்திலும் இருந்தது. நான் எழுதப்போவது நோயாளிக்குப் போடுகிற கவுணைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஓர் உடுப்பு விஷயத்தில் நான் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லித்தர உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் முல்லைத்தீவுப் பக்கம் காட்டு ஓரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். பெண்கள் வாட்டு ஒன்று, ஆண்கள் வாட்டு ஒன்று, ஒரு டொக்டர். வாட்டுக்கு அரைச்சுவர்தான். விறாந்தையில் நிற்கிறவருக்குக் கட்டில்கள் எல்லாம் தெரியும். மறைப்புத் தட்டி ஒன்று இருந்தது. அதன் துணி கிழிந்து சட்டம் மட்டும் நின்றது. ஆண்களை அவர்கள் கட்டிவந்த சாரத்தோடு விட்டுவிடுவோம். பெண்கள் வந்தவுடன் உடுத்து வந்த சேலையை வாங்கிச் சாமான் அறையில் பூட்டிவிட்டுக் கவுணைக் கொடுக்க வேண்டும். வெள்ளைத் துணி, பின்பக்கம் முழுவதும் திறப்பு, கழுத்திலிருந்து இடுப்புவரை மூன்று நாடா. பேன், சொறி பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சேலை பூட்டில் இருந்தால் சொல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்பது சொல்லாத காரணம். சாவி என் இடுப்பில் இருந்தது.

அந்த மாசி மாதம் உடையார்கட்டிலிருந்து செல்லம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். அரிவு வெட்டுக்குப் போன இடத்தில் கதிர்க்கட்டோடு வரம்பில் சறுக்கி விழுந்திருக்கிறாள். கீழே கிடந்த அரிவாள் பின்தொடையின் மேற்பகுதியில் ஆழமாக இறங்கிவிட்டது. இரண்டு நாள் மஞ்சளும் எண்ணெயும் போட்டுப் பார்த்துவிட்டு, சீழ் வைத்த பிறகு கணவன் கந்தசாமி வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

நான் கவுணைக் கொடுத்தேன். அவள் அதை விரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மிஸி, பின்னால ஒண்டும் இல்லையே?"

"நாடா இருக்கு. படுத்துத்தானே இருக்கப்போறியள். ஆர் பாக்கப் போயினம்?" என்றேன்.

இந்த வசனத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தேன். ஒருவரும் மறுத்ததில்லை. மறுக்காதபடியால் அது சரியான பதில் என்று நினைத்திருந்தேன்.

காயம் பின்பக்கம் என்பதால் அவள் குப்புறப் படுக்க வேண்டும். மருந்து கட்டும்போது கவுணை இரண்டு பக்கமும் விலக்கிவிடுவேன். அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வலிக்கிறதாக்கும் என்று மெதுவாகக் கட்டுவேன்.

மூன்றாம் நாள் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் அவளுடைய மாமனார் வந்தார். தலைப்பாகையும் தோளில் சால்வையுமாக, கையில் இரண்டு இளநீரோடு அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "பிள்ளை, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். செல்லம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவர் இன்னொரு தரம் கேட்டார். பதில் இல்லை. "சரி, நித்திரையாக்கும்" என்று தனக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, இளநீரைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அவளுடைய கண் திறந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் கதைக்கேல்லை? பாவம், வயசு போன மனுசன்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடியக் காய்ச்சல் பார்க்கப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. கவுண் அழகாக மடித்துத் தலையணையில் வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் கிடந்த சிவப்புக் கம்பளியைக் காணவில்லை. சேலை என் பூட்டுக்குள் இருந்தது. சீழ் பிடித்த காலோடு, ஒரு கம்பளியை மட்டும் சுற்றிக்கொண்டு, யானை இறங்குகிற காட்டுப் பாதையால் அவள் நடந்து போயிருக்கிறாள்.

டொக்டர் வந்து கட்டிலைப் பார்த்தார்.

"என்னத்துக்குப் போனவ?"

"தெரியாது, டொக்டர்."

உண்மையாகவே தெரியவில்லை. ஊசிக்குப் பயமா, சாப்பாடு பிடிக்கவில்லையா, மூட்டைப்பூச்சியா, வீட்டு நினைப்பா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். டொக்டர் மடித்து வைத்திருந்த கவுணைக் கையில் எடுத்தார்.

"இதை எப்பவாவது நீங்கள் போட்டுப் பாத்தனீங்களோ?"

அன்று பின்னேரம் சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பூட்டிய அறைக்குள், பக்கத்துக் கதிரையில் என் சீருடை கிடக்க, அது வெறும் துணியாகத்தான் இருந்தது. முதுகில் கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே கவுண் காரணமில்லை என்று முடிவு செய்தேன். பிள்ளைகள், நோயாளியின் இடத்தில் நின்று பாருங்கள் என்று உங்களுக்குப் படிப்பிப்பார்கள். நான் நின்று பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு நின்றேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அவள் போன ஐந்தாம் நாள் வண்டில் திரும்பி வந்தது. வைக்கோலுக்குமேல் செல்லம்மா கிடந்தாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கால் இடுப்புவரை வீங்கியிருந்தது. நான் நெற்றியில் கை வைத்தபோது என்னை அடையாளம் கண்டாள்.

"மிஸி, மாமா வந்து நிண்டவர். நான் எழும்பேல்லை."

அது மட்டும்தான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமனார் வந்தால் மருமகள் எழும்பி நிற்க வேண்டும். எழும்பினால் விறாந்தையில் நிற்கிற அத்தனை பேருக்கும் முதுகு தெரியும். எழும்பாமல் படுத்துக்கொண்டு கதைப்பதும் மரியாதையில்லை. நித்திரை போலக் கிடந்தாள். அதற்கும் நான் ஏசினேன்.

காலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் பயந்தார். நாளுக்கு நாலு தரம் ஊசி, இரண்டு தரம் கட்டு. மெதுவாகக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

எனக்கு விடுமுறை கிடைத்த முதல் நாளே அந்தக் கவுணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி முல்லைத்தீவுக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே முஸ்லிம் தையல்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதேயில்லை. பின்பக்கத்தில் இரண்டு துண்டு அகலமாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்று மடிந்து மூட வேண்டும், நாடா பக்கவாட்டில் கீழ்வரை வர வேண்டும் என்று சொன்னேன். அவர் துணியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மிஸி, இதப் போடுற ஆள் படுத்திருக்கிறவவா, நடக்கிறவவா?"

"ரெண்டும்தான்."

"கட்டுறது லேசு. அவசரத்துக்கு ஆரு கழட்டப்போறாங்க? அதயும் கொஞ்சம் யோசிங்க."

எனக்கு அந்தக் காட்டுப் பாதையும் சிவப்புக் கம்பளியும்தான் கண்ணுக்குள் நின்றன. "கழட்டுறதை நான் பாத்துக்கொள்ளுவன். நீங்கள் ரெட்டைத் தையல் போட்டு நல்லா இறுக்கித் தாங்கோ. ஒரு இடமும் விலகக்கூடாது" என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

புதிய கவுணைப் போட்ட அன்று செல்லம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பெருமையோடு நின்றேன். அவள் தன் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

முதுகு மூடியிருக்கிறது, காய்ச்சல் இறங்குகிறது, எதற்கு அழுகை? திரும்பத் திரும்பக் கேட்டபிறகு சொன்னாள்.

"இவர் உசிரோட இருக்கேக்க எனக்கு ஏன் மிஸி வெள்ளை?"

நான் என் சீருடையைப் பார்த்துக்கொண்டேன். வெள்ளை. காலையிலிருந்து இரவுவரை வெள்ளையில் திரிகிறவளுக்கு வெள்ளை ஒரு நிறமாகவே தெரியாமல் போய்விட்டது. கல்யாணம் முடித்த ஒரு பெண்ணை, கழுத்தில் தாலியோடு, கணவன் பார்க்க வருகிற நேரத்தில், விதவைக் கோலத்தில் நாங்கள் கிடத்தி வைத்திருந்திருக்கிறோம். எத்தனை பேரை, எத்தனை வருடமாக! அவர்களில் யாரும் வாய் திறக்கவில்லையே என்று நினைத்தேன். திறந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தேன்.

மறுபடியும் நானாவிடம் போனேன். அவரிடம் பூப்போட்ட சீத்தைத் துணி கிடந்தது. அதில் எட்டுக் கவுண் தைத்தோம். அதே மடிப்பு, அதே இரட்டைத் தையல். டொக்டர் வாட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு, "என்ன நேர்ஸ், கலியாண வீடு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். செல்லம்மாவும் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தாள். வேலை முடிந்துவிட்டது, இனி இந்த விஷயத்தை மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை கொக்கிளாயிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயிற்று வலி. ஐம்பது வயது இருக்கும். நான் சிவப்புப் பூப்போட்ட கவுண் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். அவர் கையில் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்டு இல்லையோ பிள்ளை?"

"இது புதுசம்மா, நல்ல துணி" என்று நானே போட்டுவிட்டேன்.

அவருடைய மகன் மத்தியானம் வந்தான். தோணி இழுக்கிற திடகாத்திரமான ஆள். வாட்டு வாசலில் கால் வைத்தவன் தாயைக் கண்டதும் அப்படியே நின்றான். பிறகு விறாந்தைக்குப் போய் என்னைக் கூப்பிட்டான். சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டான்.

"ஐயா மோசம் போய் இன்னும் ஆறு மாசம் ஆகேல்லை. அம்மாவை என்ன கோலத்தில வச்சிருக்கிறியள்? எங்களைப் பாத்தா உங்களுக்குப் பகிடியா இருக்குதோ?"

அந்த அம்மா கட்டிலில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறார். நான் அதை வயிற்று வலி என்று நினைத்திருந்தேன். அவர் உடுத்து வந்தது விதவையின் வெள்ளைச் சேலை என்பதைப் பூட்டும்போது என் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பழைய வெள்ளைக் கவுணைக் கொண்டுவந்தேன். அதற்கு முதுகு திறப்பு. அவர் அதைப் போட்டுக்கொண்டார். ஒரு வெட்கத்தைக் கொடுத்து இன்னொரு வெட்கத்தை வாங்கிக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரையோ நோகச் செய்தேன். ஒருவர் நிம்மதியாகப் படுக்கத் தைத்த துணி இன்னொரு கட்டிலில் இருக்கிறவரைக் கூனிக்குறுக வைத்தது.

இப்படி நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. மறுநாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். வாட்டு நிறையச் சனம். செல்லம்மாவின் மாமனார் வந்திருந்தார். பூப்போட்ட கவுணோடு அவள் கட்டிலைப் பிடித்து எழும்பி நின்று அவரோடு இரண்டு வார்த்தை கதைத்தாள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் இரண்டு கட்டில் தள்ளி, கொக்கிளாய் அம்மாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் நின்றான்; என்னோடு கதைக்கவில்லை.

"மிஸி" என்று செல்லம்மா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய பாதத்தைச் சுற்றி நிலம் சிவந்திருந்தது. அழுகிய காயத்துக்குள் இரத்தக்குழாய் உடைந்துவிட்டது. இப்படி நடக்கலாம் என்று படித்திருந்தேன்; பார்த்ததில்லை.

அவளைக் கட்டிலில் குப்புறத் தள்ளினேன். காயத்தை அமுக்க வேண்டும். அதற்குக் கவுணைத் திறக்க வேண்டும். நாடா இரத்தத்தில் ஊறி இறுகிப்போயிருந்தது. நகத்தால் பிரித்தேன், வரவில்லை. துணியைப் பிடித்து இழுத்தேன், கிழியவில்லை. இரட்டைத் தையல். நான் கேட்டு வாங்கிய தையல்.

இனி ஒரேயொரு வழி, முழுவதையும் இடுப்புக்கு மேலே சுருட்டி ஏற்றுவது. என் கை அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. எதிரே அவளுடைய மாமனார். அரைச்சுவருக்கு அப்பால் இருபது முகம். இந்தப் பெண் இதற்குப் பயந்து யானைக் காட்டுக்குள் நடந்தவள். "எல்லாரும் வெளியில போங்கோ!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை, திகைத்துப் போய் நின்றார்கள். நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். பத்து எண்ணுகிற நேரத்தில் எவ்வளவு இரத்தம் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

செல்லம்மாதான் சொன்னாள். தலையணைக்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தூக்குங்கோ மிஸி! நான் சாகப்போறன்."

தூக்கினேன். பொத்திப் பிடித்த கையைக் காயத்துக்குள் வைத்து என் முழுப் பாரத்தையும் அதில் போட்டேன். அதற்குப் பிறகு கையை எடுக்க முடியாது. ஒரு போர்வையை இழுத்து அவளை மூடவும் முடியாது. அவள் எல்லோர் முன்னாலும் அப்படியே கிடந்தாள்.

அந்த நேரம் மாமனார் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தோளில் கிடந்த சால்வையை உதறி, இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார். ஒரு கையில் ஒரு முனை, மற்றக் கையில் மற்ற முனை. அது கட்டிலில் பாதியைத்தான் மறைத்தது. கொக்கிளாய்ப் பொடியன் தாயின் கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து, அவனும் எங்களைப் பார்க்காமல், பக்கத்தில் நின்று மற்றப் பாதிக்குப் பிடித்தான். "அங்கால திரும்புங்கோ! எல்லாரும் திரும்புங்கோ!" என்று கிழவர் சுவருக்கு வெளியே பார்த்து அதட்டினார். திரும்பினார்கள். டொக்டர் ஓடிவந்து குழாயைக் கட்டி முடிக்கும்வரை, வாட்டில் எல்லோருடைய முதுகும்தான் எனக்குத் தெரிந்தது.

செல்லம்மா பிழைத்தாள். முழங்கால் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை.

பிறகு நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. ஒற்றைத் தையலும், ஒரு முனையை இழுத்தால் முழுதாக விடுபடுகிற சுருக்கு முடிச்சுமாக மாற்றித் தந்தார். நிறத்துக்கு மங்கின நீலம் எடுத்தோம். கல்யாணம் முடித்தவர், விதவை இருவருக்கும் பொருந்தும் என்று நினைத்தோம். சிலருக்குப் பொருந்தியது. முரசுமோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா நீலம் தன் வீட்டுக்கு ஆகாது என்று தொடவே இல்லை. அதன்பிறகு வெள்ளை, பூப்போட்டது, நீலம் என்று மூன்று விதமும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். பலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எது எண்டாலும் தாங்கோ மிஸி" என்றார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. சேலை வைக்கும் அறையைப் பூட்டுவதை நிறுத்தினேன். ஓடிப்போகிறவர்களின் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு புதுக்குடியிருப்புச் சந்தையில் செல்லம்மாவைக் கண்டேன். காலை இழுத்து இழுத்து நடந்தாள். மஞ்சள் சேலை, இடுப்பில் ஒரு குழந்தை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கிப் போனேன். அவள் என்னைக் கண்டாள். கண்டவுடன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் முதுகை மூடி, மரக்கறிக் கடைக்குப் பின்னால் போய்விட்டாள். அந்தக் காலோடு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாக.

கந்தசாமி என்னிடம் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"குறை நினையாதேங்கோ மிஸி. அவவுக்கு உங்களில நல்ல பட்சம். பிள்ளைக்கு ஊசி போட வேணுமெண்டாலும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேணுமெண்டு சொல்லுவா. ஆனா உங்கட முகத்தைக் கண்டா அவவுக்கு நிக்க ஏலாதாம்."

"மாமாவோட கதைக்கிறவவோ?" என்று கேட்டேன்.

"ஓம். அவர் அண்டைக்குப் பாக்கேல்லையே."

நான் பார்த்தேன். பார்க்காமல் காப்பாற்றுகிற வழி எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரியவந்தால் எனக்கு எழுதுங்கள்.

மரக்கறிக் கடைக்குப் பின்னால் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரன் அவள் வாங்கவேண்டிய கத்தரிக்காயைத் தராசில் வைத்துக்கொண்டு அவளைத் தேடினான். நான் ஒன்றும் வாங்காமல், குடையை விரித்துத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வந்த வழியால் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.